இருபதாம் தேதிக்குப் பிறகு

மாதத்தின் 23ஆம் தேதி. காலை ஏழே கால். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு குறுக்குத் தெரு. தள்ளுவண்டிக்காரர் குரல் கொடுத்ததும் இரண்டு மூன்று வீட்டுக் கதவுகள் திறக்கின்றன. முதலில் வந்து நிற்பவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. வாசற்படியில் ஒரு காலில் மட்டும் ஷூவை மாட்டிக்கொண்டு ஆறு வயதுப் பையன்.

"பீன்ஸ் எவ்வளவுண்ணா?"

"கால் கிலோ முப்பதும்மா."

கையில் அள்ளிய பீன்ஸ் மறுபடியும் குவியலுக்கே போகிறது. கத்தரிக்காயை ஒரு முறை திருப்பிப் பார்க்கிறார், அதையும் வைத்துவிடுகிறார். வண்டியின் ஓரத்தில் கூறு கட்டி வைத்த சாம்பார்க் காய் இருக்கிறது: ஒரு கேரட், முருங்கைக்காயில் பாதி, பூசணிக் கீற்று ஒன்று, சுருங்கிப்போன சௌசௌ துண்டு. கூறு இருபது ரூபாய்.

"இதுவே போதும்ணா. கொஞ்சம் கறிவேப்பிலை, கொத்தமல்லி போடுங்க."

"மல்லிக்கட்டு இருபது விக்குதும்மா. கறிவேப்பிலை மட்டும் போடறேன்."

மூன்றாம் தேதி இதே கை பீன்ஸை அரைக் கிலோ வாங்கியது. நான் அதே தெருவில் குடியிருப்பவன், பார்த்திருக்கிறேன். அன்று கொத்தமல்லி கேட்காமலே பையில் விழுந்தது. கொசுறு நின்றுபோவதுதான் விலைவாசியின் முதல் தகவல். செய்தித்தாளில் வருவதற்கு ஒரு வாரம் முன்பே தள்ளுவண்டி அதைச் சொல்லிவிடும்.

சம்பளம் ஒன்றாம் தேதி வரும் வீடு, வாரக்கூலி சனிக்கிழமை வரும் வீடு, ஆட்டோ ஓடினால்தான் அன்றைக்குக் காசு என்ற வீடு எல்லாவற்றுக்கும் மாசக் கடைசி என்று ஒன்று உண்டு. வாடகை, ஃபீஸ், டியூ எல்லாம் தேதி தவறாமல் போகின்றன. வளைந்து கொடுப்பது அடுப்படி மட்டும். வளைந்து கொடுக்கும் அந்தப் பத்து நாளில் தட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வயிறு நிறைகிறது, தட்டு வெளுக்கிறது

தமிழ்நாட்டில் பசி என்றால் அரிசி இல்லாமல் இருப்பது என்ற காலம் போய்விட்டது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். நான்கு பேர் உள்ள முன்னுரிமைக் குடும்ப அட்டைக்கு மாதம் 20 கிலோ. இது சாதாரணக் காரியமில்லை. இந்த அரிசி இல்லாமலிருந்தால் மாசக் கடைசி என்ன பாடு படுத்தும் என்று நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் புதிய உணவு வழிகாட்டியை வெளியிட்டது. 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்த்து 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, பழம் 100 கிராம் என்கிறது அது. இரண்டு பெரியவர்கள், இரண்டு சின்னப் பிள்ளைகள். பிள்ளைகளுக்குப் பாதி அளவு என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு அரிசி, கோதுமை வகையில் இருபத்திரண்டரைக் கிலோ வருகிறது. ரேஷன் 20 கிலோ கொடுத்துவிடுகிறது. கிட்டத்தட்ட முழுசும்.

பருப்பு, முட்டை வகையில்? ஏழரைக் கிலோவுக்கு மேல். ரேஷன் கொடுப்பது ஒரு கிலோ துவரம்பருப்பு. நாளைக்கு 33 கிராம், அதுவும் நான்கு பேருக்கு. ஒரு டம்ளரில் அடியோடு ஒட்டிக்கிடக்கும் அளவு.

மிச்சம் முழுக்கக் கடைக்காரரிடம்தான் வாங்கியாக வேண்டும். வாங்க முடியாதபோது அந்த இடத்தையும் சோறே நிரப்புகிறது. தட்டு நிறைந்துதான் இருக்கும். நிறம் மட்டும் மாறும். முதல் வாரம் மஞ்சள், பச்சை, ஆரஞ்சு. கடைசி வாரம் வெள்ளையும், ஊறுகாய் இருந்தால் ஒரு சிவப்புப் புள்ளியும்.

பெட்டிச் செய்தி: ஒரு மாத ரேஷன் பை
(நான்கு பேர், முன்னுரிமைக் குடும்ப அட்டை)

புழுங்கல், பச்சரிசி: 20 கிலோ, இலவசம்
துவரம்பருப்பு: 1 கிலோ, 30 ரூபாய்
பாமாயில்: 1 லிட்டர், 25 ரூபாய்
சர்க்கரை: 2 கிலோ, 50 ரூபாய்
மொத்தம்: 105 ரூபாய்

பருப்பும் பாமாயிலும் சேர்ந்து 55 ரூபாய். "பருப்பு வந்தாச்சா?" என்று கடை வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் பெண்களுக்கு அந்த ஒரு கிலோவின் அருமை தெரியும்.

எது முதலில் காணாமல் போகிறது?

வீட்டுக்கு வீடு சமையல் வேறு. காணாமல் போகும் வரிசை மட்டும் ஆச்சரியமாக ஒரே மாதிரி இருக்கிறது. முதலில் பழம். அது போனது யாருக்கும் தெரியாது. அடுத்து பொரியல். குழம்பிலேயே காய் இருக்கிறதே என்று சமாதானம். பிறகு முட்டை, எல்லோருக்கும் ஒன்று என்பதிலிருந்து பிள்ளைகளுக்கு மட்டும் என்று இறங்கும். அதன்பின் பருப்பு நீர்க்கிறது: திங்கட்கிழமை சாம்பார், புதன்கிழமை ரசம், வெள்ளிக்கிழமை வத்தக்குழம்பு. புளிக்கு மேல் பாரத்தைப் போட்டுவிட்டுப் பருப்பு ஒதுங்கிக்கொள்ளும். கடைசியில் பால். அதிலும் பிள்ளைகளின் டம்ளர் குறையாது. பெரியவர்களின் காபிதான் கறுத்துக்கொண்டே போகும்.

நம் சமையலின் கெட்டிக்காரத்தனமே இதற்கு உதவி செய்கிறது என்பதுதான் சங்கடம். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் இருந்தால் தேங்காய் சாதம். டப்பாவில் போட்டு அனுப்பினால் பையன் 'வெரைட்டி ரைஸ்' என்று குஷியாகத்தான் எடுத்துப்போவான். ருசியில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த டப்பாவில் அரிசி, புளி, எண்ணெய், நாலு கடலை. அவ்வளவுதான்.

அந்த நாலு கடலையைத்தான் நாற்பதாக்க வேண்டும் என்பேன். நிலக்கடலையில் நூறு கிராமுக்கு 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. மாசக் கடைசியில் கை கொடுக்கும் சரக்கு கறிக்கடையில் கிடைக்காது. அண்ணாச்சி கடைச் சாக்கில் கிடக்கும் கடலை, பொட்டுக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு இவைதான். பொட்டுக்கடலையும் பூண்டும் காய்ந்த மிளகாயும் சேர்த்து இடித்த பொடி ஒரு பாட்டில் இருந்தால் பத்து நாள் இட்லிக்கும் சோற்றுக்கும் ஓடும். எங்கள் வீட்டில் என் அம்மா இதை ஒன்றாம் தேதியே இடித்து வைப்பார். காசு இருக்கும்போதே இருபத்தைந்தாம் தேதியை யோசிக்கிற புத்தி அது.

தக்காளி கொடுத்த அடி

2023 ஜூலையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தக்காளி கிலோ நூறைத் தாண்டி, சில இடங்களில் இருநூறுவரை தொட்டது. கோயம்பேட்டுக்கு வரும் தக்காளியில் பெரும்பங்கு ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வருவது. வரத்து குறைந்ததும் விலை எகிறியது. அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னையின் 82 ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைத்தது. வேலைக்குப் போகிறவர்கள் வரிசையில் எப்படி நிற்பது?

அந்த மாதம் வீடுகளில் புளி, மாங்காய் வற்றல், எலுமிச்சை என்று எல்லாம் வெளியே வந்தன. தக்காளி இல்லாமல் ரசம் வைக்கத் தெரியும் என்பது பல இளம் பெண்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை ஏறியபோது குறைத்ததெல்லாம் விலை இறங்கிய பிறகு அப்படியே திரும்பி வரவில்லை. நாலு தக்காளி போட்ட கை இரண்டுக்குப் பழகிவிட்டால் பழகியதுதான்.

பாக்கெட் கணக்கு

இப்போது கொஞ்சம் கசப்பான கணக்கு. சாயங்காலம் பள்ளிவிட்டு வந்ததும் பையனுக்கு ஒரு பத்து ரூபாய் பாக்கெட், தங்கைக்கு ஒரு பத்து ரூபாய் பாக்கெட். நாளைக்கு இருபது. மாதத்துக்கு 600 ரூபாய். ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய் என்ற கணக்கில் தினம் அரை லிட்டர் பால் வாங்கினாலும் மாதம் அதே 600 ரூபாய்தான்.

இது நம் தெருக் கதை மட்டுமில்லை. மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், இந்தியா முழுக்கக் கிராமத்து வீடுகள் மாதச் செலவில் 46 சதவீதத்தையும் நகரத்து வீடுகள் 39 சதவீதத்தையும் சாப்பாட்டுக்குச் செலவழிக்கின்றன. அதற்குள்ளே தனித்தனியாகப் பார்த்தால் பெரிய பங்கு பாலுக்கும் போகவில்லை, காய்க்கும் போகவில்லை. பானங்களும் பாக்கெட் தின்பண்டங்களும் வெளிச்சாப்பாடும் சேர்ந்த வகைக்குத்தான் போகிறது. நகரத்தில் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

இதற்குத் தாய்மார்களைத் திட்டுவது சுலபம். ஏழு மணிக்கு வேலைவிட்டு வந்து, கால் கழுவுவதற்குள் புடவையைப் பிடித்து இழுக்கும் பிள்ளையைச் சமாளிக்க அந்தப் பாக்கெட்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உடனே கிடைக்கும், கெட்டுப்போகாது, அடுப்புப் பற்றவைக்க வேண்டாம். சுண்டல் அதைவிட மலிவுதான். ஆனால் சுண்டலை முந்தின நாள் ராத்திரியே நினைக்க வேண்டும்.

மலிவுக்கும் ஒரு விலை

சிக்கனச் சமையல் சொல்லிக்கொடுக்கிறவர்கள் விட்டுவிடும் இரண்டு சாமான்கள் உண்டு. ஒன்று கேஸ். இன்னொன்று நேரம்.

சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 2023 ஆகஸ்டில் 1,118 ரூபாய் 50 காசு. அந்த மாதக் கடைசியில் 200 ரூபாய் குறைத்தார்கள். 2024 மார்ச்சில் இன்னொரு 100. 2025 ஏப்ரலில் 50 ஏற்றி 868 ரூபாய் 50 காசாக்கினார்கள். அந்த விலையில் ஒரு சிலிண்டர் நாற்பது நாள் வந்தால் நாளைக்கு 22 ரூபாய் நெருப்புக்கு மட்டும் போகிறது. தள்ளுவண்டிக் கூறைவிட அதிகம். ஊறவைக்காத கொண்டைக்கடலையைக் குக்கரில் போட்டு விசில் எண்ணிக்கொண்டிருந்தால் பயறில் மிச்சம் பிடித்ததை அடுப்பு தின்றுவிடும்.

நேரம் அதைவிடக் கடினம். முருங்கைக்கீரை பல தெருக்களில் இன்னும் இலவசம். பக்கத்து வீட்டு மரத்தில் ஒடித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு கைப்பிடி உருவி, காம்பு பொறுக்கி, அலசி எடுக்க அரை மணி நேரம் போகும். காலையில் ஐந்தரைக்கு எழுந்து எட்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிறவருக்கு அந்த அரை மணி நேரத்தை யார் கொடுப்பது? வீட்டில் ஓர் ஆண் பேப்பரோடோ போனோடோ உட்கார்ந்திருந்தால் கீரையை அவர் முன்னால் வைக்கலாம். சொந்த அனுபவத்தில் சொல்கிறேன், விரல் தேய்ந்துவிடாது.

கேழ்வரகு கதை இன்னும் வேடிக்கை. நம் பாட்டிமார் வேறு வழியில்லாமல் குடித்த கூழ். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகு அதே கேழ்வரகு பளபளப்பான பாக்கெட்டில் ஏறி, பணக்காரச் சரக்காகிவிட்டது. நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ள தானியம், சுண்ணாம்புச் சத்து தேவைப்படும் வீட்டுக்கு வரவில்லை. அரசு 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. நல்ல யோசனை. மற்ற மாவட்டங்களுக்கும் அதைக் கொண்டுவர வேண்டும்.

பள்ளிக்கூடம் போடும் இலை

இந்தக் கணக்கில் பெரிய பாரத்தைச் சத்தமில்லாமல் சுமப்பது பள்ளிக்கூடம். 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் இன்று வாரம் ஐந்து முட்டை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய் போட்ட சாம்பார். ஒரு பிள்ளைக்கு மாதம் இருபது பள்ளி நாள் என்றால் நாற்பது வேளைச் சாப்பாடு.

இதில் ஒரு சிக்கல் வீட்டுக்குள் நடக்கிறது. கொஞ்சம் கை நிமிர்ந்ததும் பிள்ளையை மெட்ரிக் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். ஃபீஸ் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர்கள் அந்த நாற்பது வேளையையும் இருபது முட்டையையும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஃபீஸ் அடுப்படியிலிருந்து இரண்டு தடவை போகிறது: ஒரு தடவை காசாக, இன்னொரு தடவை முட்டையாக. பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்பது அவரவர் முடிவு. கணக்கை முழுசாகப் போட்டுவிட்டு முடிவெடுக்கலாமே என்றுதான் சொல்கிறேன்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு வேறொரு சோதனை, மே மாதம். பள்ளி மூடினால் இரண்டு வேளைச் சாப்பாடு வீட்டின் தலையில் விழுகிறது. பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில். பசியும் நாள் முழுக்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு போகாது. மலிவு மீன் என்று நம்பியிருந்த மத்தியும் நெத்திலியும் விலையேறி நிற்கும். ஜூன் பிறந்தால் நோட்டு, பை, சீருடை. மாசக் கடைசி பத்து நாள் என்றேன். மே மாதத்தில் அது நாற்பது நாள்.

பெட்டிச் செய்தி: 33 ரூபாய்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாயாக விழுகிறது. நாளைக்கு 33 ரூபாய். ஆவின் பச்சைப் பாக்கெட் அரை லிட்டர் 22 ரூபாய். முட்டை ஒன்று 7 ரூபாய் என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து 29. மீதி நாலு ரூபாய்க்குக் கறிவேப்பிலை.

பணம் விழும் தேதியும் கவனிக்கத் தக்கது. 15ஆம் தேதிவாக்கில் வருவதால் இருபதாம் தேதிப் பள்ளத்துக்குச் சற்று முன்னால் கை கொடுக்கிறது. அந்தக் காலத்துப் பெண்கள் அஞ்சறைப் பெட்டியில் ஒளித்துவைத்த சிறுவாட்டுப் பணத்தின் இடம் அது. குழுக்கடன் டியூ அதை முந்திக்கொள்ளாத வீடுகளில் அது பாலாகிறது. முந்திக்கொண்ட வீடுகளில் ரசீதாகிறது.

கடைசித் தட்டு

மறுபடியும் அந்தக் குறுக்குத் தெரு வீட்டுக்கு வருவோம். ராத்திரி எட்டே முக்கால். முதலில் பிள்ளைகள். இருந்த ஒரு முட்டையை இரண்டாக அரிந்து ஆளுக்குப் பாதி. பெண் குழந்தை மஞ்சள் கருவைத் துப்பிவிடுகிறது, அண்ணன் எடுத்துக்கொள்கிறான். அடுத்து கணவர். கரண்டி பாத்திரத்தின் அடிவரை போய்த் துழாவி முருங்கைக்காய்த் துண்டைத் தேடி எடுத்து அவர் தட்டில் வைக்கிறது. எல்லோரும் எழுந்த பிறகு பாத்திரத்தில் இருப்பது சாறு. காய் இல்லை. அந்தப் பெண் சோற்றைச் சட்டியிலேயே போட்டுப் பிசைந்து, நின்றபடி சாப்பிடுகிறார். சட்டியைத் தேய்க்கிற வேலை மிச்சம் என்கிறார் சிரித்துக்கொண்டே.

இந்தக் காட்சிக்கு ஒரு எண் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். முந்தைய ஆய்வில் குழந்தைகளின் கணக்கு 50.7. நால்வரில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லை. அரிசி இலவசமாகக் கிடைக்கும் மாநிலம், அங்கன்வாடியும் சத்துணவும் வேரூன்றிய மாநிலம். இங்கேயே இப்படி.

இதற்கு மருந்தாக ரேஷன் அரிசியில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசியை நூற்றுக்கு ஒன்று என்று கலக்கிறார்கள். ஆனால் அதைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று சொல்லிப் பொறுக்கிப் போடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வெளுப்பாக, வேறு மாதிரி தெரிவதால் வந்த சந்தேகம். அது அரிசிமாவில் செய்ததுதான், எடுத்துப் போடாதீர்கள் என்று கடையில் எடை போடுகிறவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே சமயம், நூற்றில் ஒரு அரிசியை நம்பி மீதி தொண்ணூற்றொன்பதையும் வெறும் சோறாகவே விட்டுவிட முடியாது.

ரேஷன் கடையில் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் 2007-இல் தொடங்கியபோது துவரம்பருப்போடு உளுந்தும் கொடுத்தார்கள். ரேஷன் புழுங்கலும் ரேஷன் உளுந்தும் சேர்ந்தால் இட்லி. பிள்ளைகள் அடம்பிடிக்காமல் சாப்பிடும் சாப்பாடு, தாயும் நாலு சேர்த்துச் சாப்பிடும் சாப்பாடு. 2017-இல் அந்த உளுந்து பட்டியலிலிருந்து காணாமல் போனது. இன்று மாசக் கடைசியில் பல வீடுகளில் உளுந்துக்குப் பதில் கொஞ்சம் அவலும் ஆப்பச் சோடாவும் போட்டு மாவைப் பொங்க வைக்கிறார்கள். இட்லி உப்புகிறது, உள்ளே ஒன்றுமில்லை.

நிதியமைச்சர் அடுத்த பட்ஜெட்டை எழுத உட்காரும்போது அடுப்படிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்க்கட்டும். கேட்பது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. அட்டைக்கு இன்னும் ஒரு கிலோ துவரம்பருப்பு, நிறுத்திய உளுந்து ஒரு கிலோ. இருபதாம் தேதிக்கு முன்னால் கடைக்கு வந்து சேர்ந்தால் நல்லது.